பாதியில் சொன்ன சாட்சி

டி.பி. பற்றி எழுதப் போகிறேன். படிக்கிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டாம். காகிதம் வழியாக அது பரவாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. எங்கள் தெரு ஜெராக்ஸ் கடைக்காரர் என் ஆதார் அட்டையை இரண்டு விரலால் ஓரத்தில் பிடித்துத்தான் வாங்கினார். டிகிரி படித்தவர்.

நான் காஞ்சிபுரத்தில் பிளவுஸ் தைக்கிறவள். கல்யாணப் பட்டு எடுக்க வெளியூரிலிருந்து வருகிறவர்கள் சேலை வாங்கிய கையோடு பிளவுஸையும் இங்கேயே தைக்கக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அதில்தான் என் பிழைப்பு. ரேஷன் கார்டில் என் பெயர் சாந்தி. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் எஸ்தர். வீட்டிலும் கடையிலும் சாந்தி, சபையில் எஸ்தர். என் கணவர் மோகன் பட்டுக் கடையில் சேல்ஸ்மேன், நாள் முழுக்கச் சேலை விரித்து மடிக்கிறவர். அவர் கிறிஸ்மஸுக்கு மட்டும் கிறிஸ்தவர். பிள்ளைகள் இல்லை. அதற்காகவும் சபையில் நிறைய ஜெபம் பண்ணியிருக்கிறார்கள்.

இருமல் வந்தபோது பஞ்சுத் தூசி, நூல் தூசி என்று நினைத்தேன். மூன்று வாரம் ஆயிற்று. சாயங்காலமானால் உடம்பு காய்ந்தது. தைத்துப் போட்டிருந்த என் ஜாக்கெட்டே எனக்குத் தொளதொளத்தது. மோகன்தான் அரசு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார். சின்ன பிளாஸ்டிக் டப்பா ஒன்றைக் கொடுத்து, காலையில் எழுந்ததும் ஆழமாக இருமிச் சளியைப் பிடித்துக்கொண்டு வரச் சொன்னார்கள். அதை ஒரு மெஷினில் வைத்தால் கிருமி இருக்கிறதா, இருந்தால் முக்கியமான மருந்துக்கு அது அடங்குமா என்று இரண்டு மூன்று மணி நேரத்தில் சொல்லிவிடுகிறது. இருந்தது. அடங்கும் என்றது.

ஆறு மாதம் மாத்திரை, ஒரு நாள்கூட விடக்கூடாது, எல்லாம் இலவசம் என்றார்கள். மாத்திரை போட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்படாதே என்றார்கள். சுகாதாரப் பணியாளர் ஒருவர் ஸ்கூட்டரில் வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போவார். குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் நோயில் கெட்டுப்போனவள் இல்லை, சுகத்தில் கெட்டுப்போனவள்.

இரண்டு மாதத்தில் இருமல் நின்றது. எடை ஏறியது. மறுபடி சளி எடுத்துப் பார்த்து, கிருமி தெரியவில்லை, ஆனாலும் இன்னும் நாலு மாதம் விடாமல் போட வேண்டும் என்றார்கள். முதல் பாதி மட்டும் என் காதில் விழுந்தது.

எங்கள் சபை ஓரிக்கை போகிற சாலையில் தகரக் கூரை போட்ட ஜெபவீடு. மாதத்தின் முதல் ஞாயிறு சாட்சி ஞாயிறு. ஆண்டவர் தனக்குச் செய்த நன்மையை மேடையேறி மைக்கில் சொல்ல வேண்டும். அதை வீடியோ எடுத்து யூடியூபில் போடுவார்கள், வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். வேலை கிடைத்தது, வீடு கட்டியது, கட்டி கரைந்தது என்று மாதாமாதம் கேட்டுக் கேட்டு, ஒருநாள் அந்த மேடையில் ஏறிவிட வேண்டும் என்று எனக்குள் ஓர் ஏக்கம் இருந்தது. அதை விசுவாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஏறினேன். பச்சைப் பட்டுக் கட்டிக்கொண்டு, "சளியில ஒரு கிருமி இல்லன்னு டாக்டரே சொல்லிட்டாங்க, ஆண்டவர் என்னைய பூரண சொகமாக்கிட்டாரு" என்று அழுதேன், சிரித்தேன். நானூறு பேர் கைதட்டினார்கள். பிறந்ததிலிருந்து எனக்காக யாரும் கைதட்டியதில்லை.

மறுநாள் காலை மாத்திரையைக் கையில் எடுத்தபோது பிரச்சினை ஆரம்பித்தது. பூரண சுகம் என்று மைக்கில் சொன்னவள் மாத்திரை போடலாமா? போட்டால் நேற்றுச் சொன்னது பொய்யாகிவிடாதா? பாஸ்டர் மாத்திரையை நிறுத்து என்று ஒருநாளும் சொன்னதில்லை, அதை நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். அவர் சாமர்த்தியமும் அதுதான். "அறிக்கை பண்ணத காத்துக்கோங்க சிஸ்டர், சந்தேகத்துக்கு எடங்குடுக்காதீங்க" என்றார். அறிக்கை என்றால் சபைப் பேச்சில் வாயால் சொன்னது. அவ்வளவுதான். மீதியை நானே தைத்துக்கொண்டேன்.

முதலில் ஒளித்துப் போட்டேன், திருட்டுத் தீனி தின்பதைப் போல. பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள். பிறகு நிறுத்திவிட்டேன். ஸ்கூட்டரில் வருகிறவர், "கரெக்டா சாப்ட்றீங்களாம்மா?" என்று கேட்பார். "சாப்ட்றேன் சார்" என்பேன். பொய்யாகிவிடக் கூடாது என்று மாத்திரையை நிறுத்தியவள், நிறுத்தியதை மறைக்க மாதாமாதம் பொய் சொன்னேன். இதில் இருக்கும் கோணல் அப்போது எனக்கு உறைக்கவே இல்லை. மாத்திரை அட்டைகளைத் தையல் மெஷின் டிராயரில் லைனிங் துணிக்கு அடியில் போட்டுவைத்தேன்.

ஏழு மாதம் கழித்து, ஒரு முகூர்த்தப் பிளவுஸுக்குக் கையில் ஹெம்மிங் போட்டுக்கொண்டிருந்தபோது இருமினேன். துணியில் ஈரம். துணி அரக்கு நிறம், ரத்தம் தெரியவில்லை. விரலில் தெரிந்தது. அந்தப் பிளவுஸைத் துடைத்து, இஸ்திரி போட்டு, கல்யாணப் பெண்ணின் அம்மாவிடம் கொடுத்தேன். துணி வழியாக டி.பி. ஒட்டாது என்று பிறகு டாக்டர் சொன்னார். கொடுத்தபோது எனக்கு அது தெரியாது. தெரியாமலேதான் கொடுத்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மறுபடி அதே டப்பா, அதே மெஷின். இந்தத் தடவை முக்கியமான மருந்துக்குக் கிருமி அடங்காது என்றது. சென்னைப் பக்கத்து அரசு நெஞ்சு நோய் மருத்துவமனையில் சேர்த்தார்கள். அங்கே இருந்த டாக்டரம்மாவுக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு. கோபப்படாமல் விளக்கினார்.

"பாதியில நிறுத்தினா பலவீனமான கிருமி மட்டும்தாம்மா செத்திருக்கும். மருந்தத் தாங்குறது பொழச்சிக்கும். அது பெருகும். அப்புறம் நீங்க இருமும்போது அடுத்தவங்களுக்குப் போறதும் அதுதான். அவங்களுக்கு எடுத்த எடுப்புலயே அந்த மருந்து கேக்காது."

"எத்தினி பேருக்குப் போயிருக்கும்?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் யாராலயும் சொல்ல முடியாதும்மா."

கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பெண்கள் வார்டில் நீளமான ஜன்னல்கள், எப்போதும் திறந்தே இருக்கும். காற்று ஓடினால் கிருமி தங்காதாம். எல்லோருக்கும் முகக்கவசம். புது மருந்துகளில் ஒன்று இதயத் துடிப்பைக் குழப்பக்கூடியது என்பதால் அடிக்கடி மார்பில் ஒயர் ஒட்டி ஈசிஜி எடுத்தார்கள். இன்னொன்று பாதத்தில் ஊசி குத்துவதைப் போல எரிச்சல் கொடுத்தது. தையல்காரிக்கு ஊசிக் குத்து புதிதில்லை என்று நர்ஸிடம் சொன்னேன், அவள் சிரிக்கவில்லை. இன்னொரு மருந்து தோலைக் கறுக்க வைத்தது. மெதுவாக நிறம் மாறும், மருந்து முடிந்த பிறகு மெதுவாகத் திரும்பும் என்றார்கள். வாந்தியில் எடை போயிற்று. ரத்தம் குறைந்தது. அதனால் மற்றவர்களை அனுப்பிய பிறகும் என்னை வைத்துக்கொண்டார்கள். இரண்டரை மாதம் இருந்தேன்.

வார விடுமுறை நாளில் மோகன் வருவார். அவித்த முட்டை, வேர்க்கடலை உருண்டை, சுத்தமாகத் துவைத்து மடித்த நைட்டி. சேல்ஸ்மேன் மடிப்பு, ஓரம் பிசகாது. ஒருநாள் அவரிடம் டிராயர் விஷயத்தை ஒப்புக்கொண்டேன்.

"தெரியும்" என்றார்.

"எப்பலேர்ந்து?"

"அன்னிக்கி கத்திரிக்கோல் தேடினேன் இல்ல, அப்பலேர்ந்து. கேட்டா அவிசுவாசின்னு சொல்லுவ. சண்டைக்கு வருவ. சரி, நல்லாத்தான இருக்கிறான்னு விட்டுட்டேன். நானும் ஒரு மடையன்தான், சாந்தி."

அவர் முட்டை ஓட்டை உரித்துக்கொண்டே பேசினார். எனக்கு அவர் மேல் ஆத்திரமாக வந்தது. பிறகு அந்த ஆத்திரத்துக்கு எனக்கு என்ன யோக்கியதை என்று வெட்கமாக இருந்தது.

சபையிலிருந்து ஒருவரும் வரவில்லை. பாஸ்டர் ஒரே ஒரு தடவை போன் செய்தார். "எங்க சிஸ்டர் கதவத் தொறந்து வுட்டீங்க? எங்கேயோ பாவம் நொழஞ்சிருக்குது, யோசிச்சிப் பாருங்க" என்றார். போனை வைத்துவிட்டேன். அன்றிலிருந்து ஜெபத்தையும் நிறுத்திவிட்டேன். ஆண்டவரிடம் பேசுவதற்கு எனக்கு ஒன்றுமில்லை. நான் உன்னை மேடையில் ஏற்றிப் புகழ்ந்தேன், நீ என்னை இங்கே படுக்க வைத்தாய் என்பதுதான் என் மனதில் இருந்தது. கிட்டத்தட்ட நாற்பது நாள் வாயையும் நெஞ்சையும் மூடிக்கொண்டு கிடந்தேன்.

அப்போதுதான் பக்கத்துக் கட்டிலுக்கு விஜயா வந்தாள். தென்னேரிக்காரி, இருபத்தாறு வயது, நாலு வயதில் பெண் குழந்தை. கம்பெனி வேனில் ஏறி ஷிப்டு வேலைக்குப் போனவள். அவளுக்கு முதல் தடவையாக வந்ததே மருந்துக்கு அடங்காத வகை. அதாவது, என்னைப் போல யாரோ ஒருத்தர் பாதியில் நிறுத்தி இருமியதை அவள் மூச்சில் வாங்கியிருக்கிறாள். டாக்டரம்மா சொன்ன 'அடுத்தவங்க' பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள்.

வந்த ஐந்தாம் நாள் போனை என் பக்கம் நீட்டினாள்.

"அக்கா, இத்தப் பாரு. எங்க நாத்தனா அனுப்பிச்சா. காஞ்சிபுரத்துல ஒரு அம்மா. நம்ம வியாதிதான். மாத்திரையே இல்லாம சொகமாயிட்ச்சாம். மூஞ்சப் பாரேன், எப்டிக் களையா இருக்குது!"

பச்சைப் பட்டில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். கீழே 'மாத்திரை இல்லாமல் காசநோய் சுகமான சகோதரி எஸ்தர்' என்று எழுதியிருந்தார்கள். மாத்திரை இல்லாமல் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நான் நடந்துகொண்டது அந்தத் தலைப்புக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. பக்கத்துக் கட்டில் சாந்தி எலும்பாக, கறுத்துப்போய், பாதி முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். விஜயாவுக்கு எப்படித் தெரியும்?

"நல்லா இருக்குது" என்றேன். கடவுளே, நான் சொன்னது இதைத்தான்.

மறுநாள் காலை, நர்ஸ் பார்த்துக்கொண்டிருக்க விஜயா மாத்திரைகளை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். நர்ஸ் நகர்ந்ததும் வாஷ்பேசினுக்குப் போய்த் துப்பினாள். நான் பார்த்தேன். அதற்கு அடுத்த நாளும் பார்த்தேன். நர்ஸிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள், வீடியோ வரும், அது நான்தான் என்று வார்டு முழுக்கத் தெரிந்துபோகும். மூன்று நாள் என் மானத்தைக் காத்துக்கொண்டேன். அந்த மூன்று நாள் அவளுக்கு மருந்து இல்லை.

மூன்றாம் நாள் அவள் பெண் வீடியோ கால் பண்ணி, "எம்மா, எப்ப வருவ?" என்று கேட்டது. "சீக்கிரம் சாமி, அம்மாக்கு சொகமாய்க்கினே வருது" என்றாள் விஜயா. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அப்போதுதான், நாற்பது நாளுக்குப் பிறகு, என்னை அறியாமல் ஜெபம் வந்தது. உம் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை, ஆனாலும் இந்தப் பெண்ணை அந்த மாத்திரையை விழுங்க வையும் என்றேன். எனக்கென்று ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. சபையில் உருண்டு புரண்டு அழுதபோதெல்லாம் எனக்கு அப்படி நேர்ந்ததே இல்லை. கேட்டு முடித்ததும், அதற்கு யார் வாயைத் திறக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிட்டது. தப்பிக்க வழியில்லை.

அவளை வராண்டாவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

"விஜயா, அந்த வீடியோல இருக்கிறது நான்தான்மா."

சிரித்தாள். "இன்னாக்கா, காலைலயே காமெடி பண்ற?"

முகக்கவசத்துக்குள்ளிருந்தே, மேடையில் பேசிய அதே ராகத்தில், முதல் நாலு வரியை ஒப்பித்தேன். அவள் சிரிப்பு நின்றது. மாத்திரையை நிறுத்தியது, டிராயர், ரத்தம், எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்கு வந்ததைப் போன்ற கிருமி என்னைப் போன்றவர்களிடமிருந்துதான் கிளம்புகிறது என்பதையும் சொன்னேன்.

"அப்ப ஒனுக்கு விசுவாசம் பத்தலக்கா" என்றாள். "அதான் திரும்பி வந்துட்ச்சி. அதுக்கு நான் இன்னா பண்ணுவேன்?"

சர்ச் வாசலை மிதித்திராத பெண். எங்கள் பாஸ்டர் சொல்வதை அட்சரம் பிசகாமல் சொன்னாள். அவளுக்கு அதைக் கற்றுக்கொடுத்தது என் வீடியோதான். நர்ஸிடமும் டாக்டரம்மாவிடமும் போய்ச் சொன்னேன். அவர்கள் பேசிப் பார்த்தார்கள், வாயைத் திறந்து காட்டச் சொன்னார்கள். நாலு நாள் விழுங்கினாள், என்னுடன் பேசாமல். ஐந்தாம் நாள் அண்ணனை வரவழைத்து, யாரிடமும் சொல்லாமல் போய்விட்டாள். அவள் கட்டிலில் விரிப்பை மாற்றினார்கள். நான் ஜெபித்தது இப்படித்தான் பலித்தது என்று கசந்துபோனேன். ஆனால் இந்தத் தடவை நிறுத்தவில்லை. தினமும் காலையில் மாத்திரைகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, விஜயா பெயரைச் சொல்லி, ஒவ்வொன்றாக விழுங்கினேன். வேறு வார்த்தை இல்லை. ஜெபம் என்றால் பேச்சு என்று நினைத்திருந்தவளுக்கு அது புதுப் பழக்கம். எப்போது அது பழகிப்போனது என்று எனக்கே தெரியாது.

சளியை எடுத்துக் கிருமி வளர்கிறதா என்று வாரக்கணக்கில் வைத்துப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. அதில் வளரவில்லை என்று வந்த பிறகு வீட்டுக்கு அனுப்பினார்கள். இனி நான் இருமினாலும் பிறருக்கு ஆபத்தில்லை, மாத்திரை மட்டும் இன்னும் பல மாதம். வந்த வாரம் சாட்சி ஞாயிறு. போகாதே என்றார் மோகன். போனேன். செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் கடைசி நாற்காலி. என்னைக் கண்டவர்கள் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார்கள்.

முன் வரிசையில் விஜயா உட்கார்ந்திருந்தாள், அந்த வீடியோவைப் பிடித்துக்கொண்டு எங்கள் சபைக்கே வந்திருக்கிறாள். மடியில் பெண் குழந்தை. முகக்கவசம் இல்லை. மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது, ஜன்னல்கள் மூடியிருந்தன. அவள் முதுகைப் பார்த்தே எத்தனை கிலோ போயிருக்கிறது என்று என்னால் அளவு சொல்ல முடிந்தது. நான் தையல்காரி.

"தென்னேரியிலேர்ந்து வந்திருக்கிற ஒரு மக, கர்த்தர் செஞ்சத சொல்லப் போறாங்க" என்றார் பாஸ்டர்.

எழுந்து மேடைக்கு நடந்தேன். பாதம் எரிந்தது. விஜயாவுக்கு முன்னால் நான் மைக்கை எடுத்துவிட்டேன். நான் சாட்சி சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்துச் சிலர் கைதட்டக்கூடச் செய்தார்கள்.

"நான் எஸ்தர். போன வருசம் இங்க நின்னு சொகமாயிட்டேன்னு சொன்னேன். எனக்கு சொகமாவல. பாதியில சொல்லிட்டேன். சொன்ன வார்த்தையக் காப்பாத்த மாத்திரைய நிறுத்திட்டேன். இப்பவும் மாத்திரை சாப்புட்றேன். ஆண்டவர் என்னைய வுட்டுடல, ஆனா எனக்கு இன்னும் முடியல. மாத்திரைய நிறுத்தினவங்க யாரா இருந்தாலும் இன்னிக்கே..."

மைக்கை அணைத்துவிட்டார்கள். பாஸ்டர் என் தோளில் கைவைத்து, "சிஸ்டருக்கு ஒடம்பு சரியில்ல" என்று இன்னொரு மைக்கில் சொல்லி, அதை விஜயாவிடம் நீட்டினார். அவள் என்னைப் பார்க்கவில்லை. "ஆண்டவரு எனக்கு..." என்று ஆரம்பித்தாள். இருமல் வந்தது. நான்கு ஸ்பீக்கரிலும் அந்த இருமல் கேட்டது. நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பித்தாள், மறுபடி இருமல். படியில் உட்கார்ந்து, "மூச்சு வாங்குது பாஸ்டர்" என்றாள். முன் வரிசைக்காரர்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பின்னால் போனார்கள். இரண்டு பேர் ஜன்னலைத் திறந்தார்கள்.

பையிலிருந்து முகக்கவசம் எடுத்து அவளுக்கு மாட்டிவிட்டேன். தடுக்கவில்லை. வெளியே வந்தோம். மோகன் என்னைக் கூட்டிப்போக வந்து வாசலில் நின்றிருந்தார். குழந்தையை அவரிடம் கொடுத்தேன். எனக்கு வைத்தியம் பார்த்த டாக்டரம்மாவுக்கு அங்கிருந்தே போன் போட்டேன். இப்போதே கூட்டிக்கொண்டு வாருங்கள், குழந்தையையும் பரிசோதிக்க வேண்டும் என்றார்.

"திரும்ப சேத்துப்பாங்களாக்கா?" என்றாள் விஜயா.

"சேத்துப்பாங்க."

"மறுபடியும் மொதல்லேர்ந்தா?"

"மொதல்லேர்ந்துதான்."

மோகன் குழந்தையோடு முன்னால் போனார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு விஜயா நின்றாள். "ஒன்ன நம்பித்தானக்கா நிறுத்தினேன்" என்றாள். அழவில்லை. விலை விசாரிக்கிற குரலில் கேட்டாள்.

"ஆமா" என்றேன்.

மன்னித்துவிடு என்று வாய்வரை வந்தது. அவளுக்கு மூச்சு விடவே முடியாத நேரத்தில், எனக்கு நிம்மதியாக இருக்க வேண்டும் என்பதற்காக அவளிடம் எதையும் கேட்டு வாங்கக் கூடாது என்று பட்டது. அவள் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, அவள் நடக்க முடிந்த வேகத்தில் பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்தேன்.